தெருவுக்கே கேட்ட வண்டி

அப்பா பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு தென்காசிக்கு வந்தபோது அவரோடு ஓர் இரும்புப் பெட்டியும், ஒரு முரட்டுக் கம்பளியும், எதையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்கிற நம்பிக்கையும் வந்து சேர்ந்தன. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். கம்பளியைப் பரணில் போட்டோம். மூன்றாவதை என்ன செய்வதென்று அம்மாவுக்கும் எனக்கும் தெரியவில்லை.

வந்த கையோடு மிக்ஸியைப் பிரித்தார். அதற்கு முன்னால் அது கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான். அவர் பிரித்து மாட்டிய பிறகு சட்னியை மூடியோடு தூக்கிச் சுவரில் அடித்தது. அடுத்து தண்ணீர்க் குழாய், அதற்கடுத்து என் சைக்கிள். சைக்கிளில் பிரேக்கும் பெல்லும் ஒன்றாக வேலை செய்யும்படி ஏதோ ஒரு ஏற்பாடு செய்தார். பிறகு பிரேக் பிடிக்காமல் பெல் மட்டும் அடித்தது. அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஒரு மனிதரை நிறுத்த முடியாது என்றால் என்ன அர்த்தம் என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரிந்துவிட்டது.

புளியறையில் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், ரோட்டோரம் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஒருவருடைய மகன் வெளிநாடு போயிருந்தான். அவன் ஆசை ஆசையாக வாங்கி ஓட்டிய க்ரூசர் மோட்டார் பைக் கடைக்குப் பின்னால், விறகு அடுக்கிய சாய்ப்பில் நின்றது. நீளமாக, தாழ்வாக, சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் காலை முன்னால் நீட்டிக்கொண்டு ஓட்டுகிற வண்டி. அதன் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்ததாம். பரோட்டா சாப்பிடப் போன அப்பா அந்த வண்டியோடு திரும்பி வந்தார். ஓட்டிக்கொண்டு வரவில்லை, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அம்மா வாசலில் நின்று அதை மேலும் கீழும் பார்த்தாள். "இதுக்கு உசுரு இருக்கா?" என்றுதான் கேட்டாள்.

"எஞ்சின் தங்கம். மேல்வேலை எல்லாத்தையும் நம்மளே பாத்துக்கிடலாம்" என்றார் அப்பா. கடையில் கொடுத்துச் செய்தால் வண்டி விலைக்கு மேல் ஆகும் என்று செல்போன் வீடியோ ஒன்றில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் கிடக்கிற சாமான்களை வைத்தே முடித்துவிடலாம் என்றும் அதே ஆள் சொல்லியிருக்கிறார். யார் வீட்டில் கிடக்கிற சாமான் என்று அவர் சொல்லவில்லை.

கம்பி அழி போட்ட எங்கள் முன்பக்கத் தார்சாவில் வண்டி ஏறியது. அன்றிலிருந்து வீட்டுக்குள் வருகிறவர்கள் பக்கவாட்டில் நடந்துதான் வர வேண்டும். அம்மா தெருவுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தையல் மிஷினில் அப்பா ரெக்சினைக் கொடுத்து சீட் உறை தைத்தார். ஊசி ஒடிந்தது. வேறு ஊசி போட்டார், அதுவும் ஒடிந்தது. கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள் வெட்டினபடி கிடக்க, அம்மா நூற்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சீட்டுக்குள் வைத்த பஞ்சு எங்கள் சோபாவிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு எங்கள் சோபாவில் ஒரு பக்கம் உட்கார்ந்தால் பலகை இடித்தது. விருந்தாளிகளை அந்தப் பக்கம் உட்கார வைத்து, சீக்கிரம் கிளம்பப் பண்ண அம்மா கற்றுக்கொண்டாள். இட்லிச் சட்டியின் மூடி ஏர் ஃபில்டருக்கு மூடியாகப் போய்விட்டது. பழைய இரும்புக்கடையில் தேடி, எருமைக்கொம்பு மாதிரி உயர்ந்து வளைந்த ஒரு ஹேண்டில்பாரைக் கொண்டுவந்தார். அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கை இரண்டையும் தூக்கிக்கொண்டு போலீஸில் சரணடைகிற ஆள் மாதிரி இருந்தார். இதைச் சொன்னதற்கு அப்பா என்னை முறைத்தார்.

பெயின்ட் கதை தனி. எங்கள் ஊரில் ஆனி ஆடி வந்துவிட்டால் மலைக்கு மேலிருந்து சாரல் இறங்கிக்கொண்டே இருக்கும். துவைத்த துணி நாள்கணக்கில் காயாமல் முகத்துக்கு நேரே தொங்கும். உப்பு ஜாடியில் உப்பு நீராகிக் கிடக்கும். ஊர் உலகத்தில் யாரும் வீட்டுக்கு வெள்ளையடிக்கக்கூட யோசிக்காத அந்த மாதங்களைப் பார்த்து அப்பா பெட்ரோல் டேங்குக்குக் கறுப்பு ஸ்பிரே அடித்தார். அடித்த பெயின்ட் ஈரக்காற்றில் வெளுத்து, விபூதி பூசின மாதிரி ஆயிற்று. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார். மறுபடி வெளுத்தது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைக்கலாம் என்று டேங்கைத் தூக்கிக்கொண்டு அவர் அடுப்படிக்குள் வந்தபோது அம்மா கையில் தோசைக் கரண்டியோடு வாசலை மறித்து நின்றாள். கடைசியில் அது என் அறையில், ஃபேனுக்குக் கீழே, என் கட்டிலில் கிடந்தது. நான் தரையில் படுத்தேன். என் பள்ளிக்கூடப் பாவாடை முழுக்கக் கறுப்புப் புள்ளி. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். குரங்கானால்கூடப் பரவாயில்லை, அப்பா அதையே பிள்ளையார் என்று சாதித்தார். வெளுத்துப்போன டேங்கைத் தட்டிக்கொடுத்து, "இதுக்குப் பேரு மேட் ஃபினிஷ். இதுக்குன்னே காசு குடுத்துச் செய்யுதானுவ" என்றார்.

இதற்கெல்லாம் நடுவில் எங்களைப் பைத்தியமாக்கிய விஷயம் வேறு. கூப்பிட்டால் திரும்பமாட்டார். அடுப்படியிலிருந்து அம்மா கத்துவாள், கத்துவாள், மனிதர் ஸ்பேனரைத் திருகிக்கொண்டே இருப்பார். கடைசியில் நான் போய்த் தோளில் தட்ட வேண்டும். தட்டினால் திடுக்கிட்டுத் திரும்பி, "என்னட்டி, மெதுவா வந்து பயங்காட்டுத" என்று என்னையே ஏசுவார். குழம்பு ஊற்றவா ரசம் ஊற்றவா என்று அம்மா கேட்டால், "நாளைக்குப் போலாம்" என்று பதில் வரும். "வண்டி வந்ததுலேர்ந்து அவுகளுக்கு இந்த வீட்டுல ஆளுங்க இருக்கதே மறந்துபோச்சு" என்று அம்மா என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். நானும் அப்படித்தான் நம்பினேன். வண்டி வருவதற்கு முன்பும் அவர் அப்படித்தான் இருந்தார் என்பதை நாங்கள் இருவருமே யோசித்துப் பார்க்கவில்லை.

வண்டி ஒருநாள் ஓடவே ஆரம்பித்துவிட்டது. அதைச் சொல்லத்தான் வேண்டும். நல்ல கனமான, அடக்கமான சத்தம். எதிர்வீட்டு அண்ணாச்சி பலசரக்குக் கடைக்காரர், லேசில் யாரையும் பாராட்டாதவர். அவரே வெளியே வந்து, "பரவாயில்லயே மிலிட்டரி" என்றார். எங்கள் தெருவில் அப்பாவுக்கு மிலிட்டரி என்றுதான் பெயர். எங்கள் கஷ்டம் முடிந்தது என்று அம்மா தார்சாவைக் கழுவிவிட்டாள்.

அப்பாவுக்கு மட்டும் திருப்தியில்லை. சத்தம் சரியில்லை என்றார். சைலன்சரைக் கழற்றி உள்ளே இருந்த தடுப்புத் தகடுகளை அடித்து வெளியே எடுத்தார். பிறகு என்னை வண்டியில் ஏற்றி உட்கார வைத்தார். நான் ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டிவரைக்கும் நடந்துபோய், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். தூரத்திலிருந்து கேட்டால்தான் சத்தத்தின் தரம் தெரியுமாம். சரியாக இருந்தால் கையைத் தூக்குவார். நான் திருகினேன். நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடின. கோழிகள் சுவர் ஏறின. எதிர்வீட்டு அண்ணாச்சி மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், அவளுடைய கைக்குழந்தை வீரிட்டு அழுதது. அப்பா கையைத் தூக்கவில்லை. திரும்பி வந்து, "காணாது, இன்னும் வேணும்" என்று சொல்லிவிட்டு ரம்பத்தை எடுத்துக் குழாயை அறுத்தார். மறுபடி திருகச் சொன்னார். மறுபடியும் காணாது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகச் சைலன்சர் ஒரு சாண் குழாயாகச் சுருங்கிய பிறகுதான் தெருக்கோடியில் அந்தக் கை மெதுவாக உயர்ந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"தம்பி, பச்சப்பிள்ள ஒறங்கமாட்டேங்குதுப்பா" என்று அண்ணாச்சி வந்து நின்றார்.

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி, இனிமே சரியாப்போவும்" என்றார் அப்பா. அண்ணாச்சி சத்தம் நின்றுவிடும் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வண்டியில்தான் தினமும் நான் பள்ளிக்கூடம் போனேன். பெண்கள் பள்ளிக்கூடம், அமைதிக்குப் பெயர்போன இடம். நாங்கள் பஜார் முக்கில் திரும்பும்போதே காலைப் பிரார்த்தனை தடைபடும். டீச்சர் ஒருத்தி நான் உள்ளே வரும்வரை புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அந்தப் பொறுமைதான் எனக்கு அதிகமாக வலித்தது. என் வகுப்புப் பிள்ளைகள் வானத்தைப் பார்ப்பார்கள். "ஏட்டி, இடி வந்துட்டா, கொடைய எடு" என்பாள் ஒருத்தி. இடி என்பதே என் பெயராகிவிட்டது. ஆறாம் வகுப்பில் ஒரு பட்டப்பெயர் விழுந்தால் அது பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை கூட வரும் என்று எனக்குத் தெரியும். என் உயிரே போவதுபோல் இருந்தது. மிகையாகச் சொல்லவில்லை, அந்த வயதில் அது உயிர்தான்.

அப்பாவின் முன்னால் போய் நின்று, நன்றாக உரக்கச் சொன்னேன். "ப்பா, சத்தத்தக் கொறைங்க. இல்லன்னா இனிமே நான் இந்த வண்டில ஏறமாட்டேன்."

"சத்தம் இல்லன்னா அது என்ன வண்டி? ரோட்டுல போறவனுக்குத் தெரியணும்லா, ஒருத்தன் வருதான்னு" என்றார்.

மறுநாள் குடையைப் பிடித்துக்கொண்டு சாரலில் நடந்தே கிளம்பினேன். பிள்ளை தனியாகப் போகிறாளே என்று அப்பா என்ன செய்தார் தெரியுமா? வண்டியை எடுத்துக்கொண்டு, நான் நடக்கிற வேகத்துக்கு எனக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். முன்னால் குடையோடு நான், பின்னால் எருமைக்கொம்பைப் பிடித்துக்கொண்டு அவர். பூக்கடை, பாத்திரக்கடை, பஸ் ஸ்டாண்டு என்று எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சாமி புறப்பாட்டுக்குக்கூட அவ்வளவு பேர் வாசலுக்கு வருவதில்லை. பள்ளிக்கூட வாசலில் அவர் எனக்கு டாட்டா வேறு காட்டினார்.

அன்று சாயங்காலம் புத்தகப் பையைத் தார்சாவில் எறிந்துவிட்டு அழுதேன். அம்மாவிடம் அழ ஆரம்பித்ததில், எல்லாம் வெளியே வந்துவிட்டது. அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து பக்கத்தில் வந்தார். பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள் என்று அம்மா அவரிடம் கத்தினாள்.

"என்ன பேரு வச்சிருக்காளுவ?" என்றார்.

"இடி."

"என்னது?"

"இடி. இடின்னு கூப்பிடுதாளுவ. ஒங்களாலதான்" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினேன்.

வழக்கமாக அவர் ஏதாவது சமாதானம் சொல்வார், இல்லையென்றால் சிரிப்பார். அன்று இரண்டும் இல்லை. பட்டப்பெயரா வைத்துவிட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு உள்ளே போய், அம்மா பாத்திரம் தேய்க்க வைத்திருந்த கம்பி நார் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்தார். அறுத்த குழாய்க்குள் அதைச் சுருட்டித் திணித்து, அறுத்தெடுத்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி, வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒட்டவைத்தார். முதல் தடவையாக ஒரு வேலையை வெளியே கொடுத்துச் செய்தார். வண்டி வீடு திரும்பியபோது தையல் மிஷின் ஓடுகிற அளவுக்குத்தான் சத்தம். வந்ததே எங்களுக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு அண்ணாச்சி எழுந்து வந்து, மிலிட்டரிக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குக் கிளம்பினோம். நான் கேட்டது நடந்துவிட்டது என்பதால் பெருந்தன்மையாக நடுவில் ஏறி உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் துண்டுகளையும் மாற்றுத்துணிப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு அம்மா. சீசன் கூட்டம். மேலகரம் தாண்டியதுமே கார்களும் வேன்களும் வரிசையாக நின்றன. நாங்களும் நின்றோம். வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா திடீரென்று செல்ஃப் ஸ்டார்ட்டரை அமுக்கினார். ஓடுகிற எஞ்சினில் ஸ்டார்ட்டரை அமுக்கினால் பல்லைக் கூசவைக்கிற மாதிரி 'கர்ர்' என்று ஒரு சத்தம் வரும். முன்னால் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச தூரம் நகர்ந்து நின்றதும் மறுபடி அமுக்கினார். மறுபடி 'கர்ர்'.

"ஓடிக்கிட்டுத்தான இருக்கு, என்னத்துக்கு அமுக்குதிய?" என்று அம்மா அவர் முதுகில் இடித்தாள்.

"சும்மா பாத்தேன்" என்றார். அதற்குப் பிறகு வண்டி நிற்கும்போதெல்லாம் ஸ்டார்ட்டரைத் தொடவில்லை. இடது உள்ளங்கையை டேங்கின் மேல் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு எடுப்பார். மேட் ஃபினிஷைத் தடவிப் பெருமைப்பட்டுக்கொள்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதை வாசிக்கிறவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்க நான் காலேஜ் போய்ச் சேர வேண்டியிருந்தது. நான்தான் ஒருநாள் பிடிவாதமாகத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காது டாக்டரிடம் காட்டினேன். பீரங்கிப் பிரிவில் இருந்தவர்களுக்கு வருவதுதான், பட்டாளத்தை விட்டு வரும்போதே பாதிக்கு மேல் போயிருக்கும் என்றார் டாக்டர். அப்பா தலையை ஆட்டினார். அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. வந்த புதிதில் பேங்க் வாசலில் காவலுக்கு நிற்கிற வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார், காது கேட்காது என்று தெரிந்தால் அது கிடைக்காது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அப்பாவின் சொந்த ஊரான ராயகிரியில், டீக்கடை பெஞ்சில் ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். காது மந்தம். அவரை எல்லோரும் செவிடன் என்றே கூப்பிட்டார்கள், சின்னப் பையன்கள்கூட. அவர் செத்தபோது ஒட்டின கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் அந்தப் பெயர்தான் பெரிய எழுத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு ஒரு குறை என்று தெரிந்தால் அன்று பொழுது சாய்வதற்குள் அவன் பெயர் மாறிவிடும். மிலிட்டரி மிலிட்டரியாகவே இருக்க ஆசைப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

நினைத்தால் பாவமாக இருக்கிறது. எங்கள் பேச்செல்லாம் அவருக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிதான் கேட்டிருக்கிறது. தெளிவாகக் கேட்ட ஒன்றே ஒன்று அந்த வண்டி. கியரை எப்போது மாற்ற வேண்டும், எஞ்சின் ஓடுகிறதா நின்றதா என்று அது சொல்லத்தான் அவர் ஒவ்வொரு துண்டாக அறுத்திருக்கிறார். அந்தச் சத்தமும் போன பிறகு டேங்கில் உள்ளங்கையை வைத்து அதிர்வைத் தேடியிருக்கிறார். அடுத்த நிமிஷமே எனக்கு எரிச்சலும் வருகிறது. இதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அம்மாவிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். இப்போது காதுக்கு நல்ல மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பாட்டரி தீர்ந்துவிடும் என்று மேஜை டிராயரில் பத்திரமாக வைத்திருக்கிறார். கேட்டால், "நாளைக்குப் போலாம்" என்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆண்கள் பக்கம் அப்பாவும் பெண்கள் பக்கம் அம்மாவும் நானுமாகக் குளித்துவிட்டு, ஈரத்தோடு அருவிக்கு எதிரே படியில் வந்து நின்றோம். நல்ல தண்ணீர், பேரிரைச்சல். பக்கத்தில் நிற்கிறவர்கள் பேசினாலும் வாய் அசைவதுதான் தெரியும். அதனால் அங்கே எல்லோரும் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அப்பாவின் காதுப் பக்கம் குனிந்து, தலையை நல்லாத் துவட்டுங்க என்று கத்தினாள். அவர் உடனே துவட்டினார். ரம்புட்டான் பழம் வாங்கணும் என்று கத்தினாள். போகும்போது கடைத்தெருவில் வாங்கலாம், இங்கன வெலை ஜாஸ்தி என்று பொருத்தமாகப் பதில் சொன்னார். எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் ஒருவர் வந்து காதில் ஏதோ கத்த, அவரோடும் சிரித்துச் சிரித்துப் பேசினார். அவ்வளவு பேச்சுக்காரராக அவரை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. அம்மா முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு மட்டும் உள்ளே கொதித்தது. ஊரே செவிடாகிப்போகிற இந்த இரைச்சலில் இவ்வளவு நன்றாகக் கேட்கிற காது வீட்டில் மட்டும் கேட்காமல் போகுமா? அடுப்படியிலிருந்து அம்மா தொண்டை வறளக் கத்தியதெல்லாம் காதில் விழுந்தும் விழாத மாதிரி நடித்திருக்கிறார் என்று அந்தப் படியிலேயே முடிவுகட்டினேன். இதற்கு ஒரு தண்டனை கொடுத்தாக வேண்டும். திரும்பி வரும்போது வழி நெடுகத் தலையைத் திருப்பி அவர் எதையெதையோ கேட்டுக்கொண்டு வந்தார். குளிருதா, பசிக்குதா, வண்டிச் சத்தம் இப்போ சரியா இருக்கா என்று கேட்டார். நான் ஒன்றுக்கும் வாயைத் திறக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை பிடிவாதமாகப் பேசாமலே வந்தேன். அதில் எந்த வித்தியாசமும் அவருக்குத் தெரிந்திருக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது.